மரியாதைப் பன்மை

“தண்ணி கொஞ்சம் குடுங்க” என்று அவர் கேட்டார்.

அடுப்பின் தீயைத் தணித்துக்கொண்டிருந்த சாந்தாமணியின் கை அப்படியே நின்றது. கேரவனின் பின்கதவு கடலைப் பார்த்துத் திறந்திருந்தது. அந்தி வெளிச்சம் தகரச் சுவரின் மேல் செம்புநிறத்தில் படிந்திருந்தது. தோசைக்கல்லின் எண்ணெய்ப்புகைக்கு ஊடாகச் சேற்றின் வாடையும் அழுகிய கடற்பாசியின் வாடையும் உள்ளே வந்துகொண்டிருந்தன. குரல் அவள் கணவருடையதுதான். தம்பிதுரையின் தொண்டையில் எப்போதும் இருக்கும் அந்தச் சிறு கரகரப்புக்கூட மாறவில்லை. ஆனால் அந்தச் சொல் அவருடையதில்லை. யாரோ வழிப்போக்கர் வந்து அவரிடம் தண்ணீர் கேட்கிறார் என்று ஒரு கணம் நினைத்து, அவள் கழுத்தை நீட்டி வெளியே பார்த்தாள். வேறு யாரும் இல்லை. அவர் மட்டும் படியருகே நின்று, அவளைப் பார்த்துக் கையை நீட்டிக்கொண்டிருந்தார். வேட்டியிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

முப்பத்தெட்டு ஆண்டுகளில் அவர் அவளிடம் ‘குடு’ என்று சொல்லியிருக்கிறார். பெரும்பாலும் அதையும் சொல்லாமல் கையை மட்டும் நீட்டியிருக்கிறார். பீளமேட்டில் ஒரு நூற்பாலையில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆலையில் கழிவுப் பஞ்சு கூட்டும் பெண்ணுக்கும் ‘வாங்க’, பால் ஊற்றுகிறவருக்கும் ‘சொல்லுங்க’, எதிர்வீட்டு நாய்க்குட்டிக்குக்கூட ‘வாங்க சாமி, பிஸ்கட் தின்னுங்க’. தெரு முழுவதும் அவருக்கு மரியாதையான மனிதர் என்று பெயர். வாசற்படியைத் தாண்டி உள்ளே வரும்போது அந்த ‘ங்க’வையும் செருப்போடு சேர்த்து வெளியே கழற்றி வைத்துவிடுவார். ‘ஏய்’ என்பதுதான் அந்த வீட்டில் அவள் பெயர்.

அவள் அரசுப் பள்ளியில் தமிழாசிரியையாக இருந்தவள். ஓய்வு பெற்ற நாளில், கழுத்தில் மாலையோடு, முந்நூறு மாணவிகளுக்கு முன்னால் அவள் ஏற்புரை சொல்லத் தொடங்கியபோது, அரங்கின் கடைசி வரிசையிலிருந்து அவர் எழுந்து, “ஏய், மணி என்னாச்சு பாரு. வா” என்றார். முதல் வரிசையில் ஒரு சிறுமி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பைச் சாந்தாமணி மூன்று ஆண்டுகளாகத் தன்னோடு வைத்திருக்கிறாள். வழித்துணைக்கு இந்தப் பயணத்துக்கும் அதைக் கொண்டுவந்திருந்தாள்.

கேரவன் அவருடைய எண்ணம். பழைய வேன் ஒன்றைப் பெருந்துறையில் மருமகனுக்குத் தெரிந்த பட்டறையில் விட்டு, முன்னால் ஓட்டுநர் இருக்கையும் பக்கத்து இருக்கையும் தவிர மற்றதை எல்லாம் எடுத்துவிட்டு, இரண்டு படுக்கை, ஓர் அடுப்பு, கூரையில் தண்ணீர்த்தொட்டி என்று தாமே நாடாப் பிடித்து அளந்து பொருத்தச் செய்தார். நாகப்பட்டினத்தில் தொடங்கிக் கடலை ஒட்டியே தூத்துக்குடி வரை போவதாகத் திட்டம். எந்த ஊரில் நிற்பது, எங்கே காப்பி குடிப்பது, எப்போது சன்னலைச் சாத்துவது என்பதெல்லாம் அவர் முடிவு. அவளிடம் கேட்ட கேள்வி ஒன்றுதான்: “ஏய், சட்டினி அரைக்கற மிக்சிய எடுத்து வெச்சியா?”

நான்காம் நாள் மாலை, தொண்டியைக் கடந்து சற்றுத் தூரத்தில், சாலையிலிருந்து ஒரு மண்தடம் இறங்கிய கடற்கரையில் வண்டியை நிறுத்தினார். கிணற்றையும் வாய்க்காலையும் பார்த்து வளர்ந்தவர்கள் இருவரும். கடலென்றால் இரைச்சல் என்று நினைத்திருந்தார்கள். இந்தக் கடலோ அலையே இல்லாமல், சாணி மெழுகிய களம்போல், அடிவானம்வரை அசையாமல் கிடந்தது. “கொளத்தாட்டம் கெடக்குது. இதையப் போயிக் கடலுங்கறாங்க” என்று சிரித்துவிட்டு அவர் வேட்டியை மடித்துக் கட்டி உள்ளே நடந்தார். இரண்டு பர்லாங் தூரம் போயும் நீர் முழங்காலுக்கு மேல் ஏறவில்லை. ஒருமுறை திரும்பிக் கத்தினார்: “ஏய், தோசைய ஊத்து. வந்தர்றேன்.” பிறகு இடுப்பு. பிறகு மார்பு. தலை மட்டும் ஒரு கரிய புள்ளியாக நீரின்மேல் நின்றதை அவள் பார்த்தாள். அடுப்பைப் பற்றவைக்கக் குனிந்தாள். நிமிர்ந்தபோது புள்ளி இல்லை. கடலில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

அவள் கூப்பிட வாயெடுத்த வேளையில்தான், கடல் இருந்த திசையிலிருந்து வராமல், வலப்புறத்துக் கருவேல முட்புதர்களுக்குப் பின்னாலிருந்து அவர் நடந்துவந்தார்.

அவள் ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தாள். அவர் அண்ணாந்து, இடைவிடாமல், விழுங்கும் ஓசையே இல்லாமல் குடித்தார். மறுபடியும் நீட்டினார். நான்கு சொம்பு.

“உப்புத்தண்ணிய முழுங்கிட்டீங்களா?” என்றாள்.

“தெரியலீங்க” என்றார். பிறகு அவள் முகத்தை, புதிதாகக் குடிவந்தவர்கள் வீட்டைப் பார்ப்பதுபோல் மூலைமூலையாகப் பார்த்து, “நீங்க சாப்பிட்டீங்களா மொதல்ல?” என்று கேட்டார்.

அவள் கண்கள் நிறைந்துவிட்டன. அதற்காக அவள் பின்னால் நெடுநேரம் வெட்கப்பட்டாள். ஆனால் முதலில் வந்தது நன்றியுணர்வுதான். அச்சம் அதற்குப் பின்னால், நிதானமாக, தனக்கு நேரம் இருக்கிறது என்பதுபோல் வந்தது.

அவர் உடை மாற்றிக்கொள்ளவில்லை. தோசையைத் தொடவில்லை. விளக்கை அணைக்கலாமா என்று அவளிடம் கேட்டார். அவள் சரி என்ற பிறகே அணைத்தார். எதிரெதிராக இரு படுக்கைகள். நடுவே ஒரு முழ இடைவெளி. அவள் படுத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். சின்ன விசிறியின் முனகல். டயர்களுக்கு அடியில் நண்டுகள் மணலைக் கீறும் ஓசை. அவர் வேட்டியிலிருந்து தகரத் தரையில் நீர் சொட்டும் ஓசை, அவர் வந்து இரண்டு மணி நேரத்துக்குப் பிறகும், ஒரே சீராக. தொலைவில் எங்கோ ஒரு நாய், அல்லது நாய்போல ஏதோ ஒன்று, நீருக்கு அப்பாலிருந்து விட்டுவிட்டுக் கூப்பிட்டது. இவை எல்லாவற்றையும் வரிசையாகக் கேட்ட பிறகுதான் எந்த ஓசை குறைகிறது என்று அவளுக்குப் புரிந்தது. குறட்டை இல்லை. முப்பத்தெட்டு ஆண்டுகளாகத் தலையணையைக் காதில் அழுத்திக்கொண்டு அவள் சபித்துவந்த அந்தக் குறட்டை. குறட்டைக்குக் கீழே இருக்க வேண்டிய மூச்சும் இல்லை.

அவள் எழுந்திருக்கவில்லை. எழுந்து பார்த்தால் தெரிந்துவிடும்.

இருளில் அவர் குரல், மிகத் தாழ்ந்து, மிகப் பணிவாக வந்தது.

“ஏனுங்க.”

“ம்.”

“நான் மூச்சு உடோணுமுங்களா?”

“உடுங்க” என்றாள்.

மூச்சு தொடங்கியது. இழுப்பு, விடுப்பு. இழுப்பு, விடுப்பு. அது தன்னுடைய மூச்சின் தாளம் என்பதை அறிய அவளுக்குச் சிறிது நேரம் பிடித்தது. அவள் தன் மூச்சை அடக்கினாள். எதிர்ப்படுக்கையில் ஓசை நின்றது. விட்டாள். அங்கும் விட்டது.

விடியும்வரை அவள் சீராக மூச்சுவிட்டுக்கொண்டிருந்தாள். இருவருக்குமாக.

காலையில் தொட்டியில் ஒரு துளி தண்ணீர் இல்லை. அவர் முன்னிருக்கையில் நேராக அமர்ந்து, கைகளை மடியில் வைத்துக்கொண்டு, பின்பக்கம் காட்டும் கண்ணாடியில் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கைபேசியில் பெருந்துறையிலிருந்து மகள் சண்முகப்பிரியா காணொளி அழைப்பில் வந்தாள். சாந்தாமணி திரையை அவர் பக்கம் திருப்பினாள். அச்சத்தைப் பகிர்ந்துகொள்ள ஒருத்தி கிடைத்தாள் என்ற நம்பிக்கை அவளுக்கு இருந்தது.

“நல்லா இருக்கீங்களா கண்ணு? சாப்பிட்டீங்களா?” என்றார் அவர். பிறகு சாந்தாமணியிடம், “நீங்களும் வாங்க. புள்ளகூடப் பேசுங்க” என்று நகர்ந்து இடம் கொடுத்தார்.

திரையில் மகள் வாயைப் பிளந்தாள். “அம்மா! அப்பாவா அது? உன்னைய ‘வாங்க’ங்கறாரு! என்னம்மா மருந்து வெச்ச?”

“பிரியா, கொஞ்சம் நல்லாப் பாரு கண்ணு. உங்கப்பா முகத்தப் பாரு.”

“பாத்துட்டுத்தான இருக்கறேன். நாலு நாள்ல ஆளே தெளிஞ்சுட்டாரு. அந்தக் கடத்தண்ணிய ஒரு கேன்ல புடிச்சுட்டு வாம்மா, உன்ற மருமகனுக்கும் ஊத்தி உடலாம்.” அவள் சிரித்துச் சிரித்து இருமினாள். பிறகு சற்றே குரலைத் தாழ்த்தினாள். “நெசமாத்தான் சொல்றேன். இந்த அப்பாவையே கூட்டிட்டு வா. பழைய ஆள அங்கயே உட்டுட்டு வந்துரு.”

மகளின் சிரிப்பைக் கேட்டு அவரும் சிரித்தார். வாய் சரியாகத்தான் விரிந்தது. சாந்தாமணி இமைத்தபோது அவரும் இமைத்தார்.

குடத்தை எடுத்துக்கொண்டு அவள் சாலைக்கு ஏறினாள். மண்தடம் சாலையைத் தொடும் இடத்தில் நாகூர் மீரான் என்பவரின் தேநீர்க் கடை இருந்தது. முந்தின நாள் மாலை அங்கேதான் காப்பி குடித்திருந்தார்கள். அவர் குடத்தை வாங்கிக் குழாயடியில் வைத்துவிட்டு, அவளைத் தயக்கத்தோடு பார்த்தார்.

“ராத்திரி தூங்குனீங்களாம்மா?”

“தூங்குனமுங்க.”

“உங்களுக்கு ஒண்ணும் கேக்கலியா? அந்தி மஃரிபு தொழுதுட்டு வெளிய வந்ததுலேருந்து கடல்ல ஒரு ஆள் சத்தம். ‘ஏய்… ஏய்’னு விட்டு விட்டு. எங்க பயலுவ ரெண்டு பேரு படகை எடுத்துக்கிட்டுப் போனாங்க. சத்தம் மட்டும் கேக்குது, ஆளக் காணோம். இவங்க கிட்டப் போனா அது தள்ளிப் போவுது.” அவர் தோள்துண்டால் முகத்தைத் துடைத்தார். “இப்பவும் சன்னமாக் கேக்குது. தொண்டை கட்டிருச்சு போல. பக்கத்துல உங்க வண்டி மட்டுந்தான் நின்னுச்சு. உங்க ஆளுங்க யாரும் தண்ணில எறங்கலியே?”

குழாயிலிருந்து நீர் குடத்தில் விழுந்துகொண்டிருந்தது. அதன் ஓசை மெல்ல மெல்ல உயர்ந்துகொண்டே வந்தது.

“நீங்க ஆமான்னு ஒரு வார்த்தை சொன்னா நாலு படகைத் திருப்பி அனுப்புவேன். இல்லைன்னா அவனுங்க வலைக்குப் போயிருவானுங்க. அப்புறம் சாயந்தரந்தான் கரைக்கு வருவானுங்க.”

அவள் கேரவனைத் திரும்பிப் பார்த்தாள். முன்கண்ணாடிக்குப் பின்னால் அவர் கைகளை மடியில் வைத்தபடி அமர்ந்திருந்தார். காற்று கடலிலிருந்து வீசியது. அதில், தேய்ந்து, உடைந்து, ஆனால் ஐயத்துக்கு இடமே இல்லாமல் அவளுடைய பெயர் வந்தது. அந்த வீட்டில் அவளுக்கு இருந்த பெயர்.

ஒரு வார்த்தை. அதைச் சொல்லிவிட்டால் படகுகள் போகும். மார்பளவு நீரில் ஓர் இரவு முழுவதும் நின்றவரைத் தூக்கிவருவார்கள். அவர் கரையில் கால் வைத்ததும் படகுக்காரர்களைப் பார்த்து, “ரொம்ப நன்றிங்க, உங்களுக்குச் சிரமம் குடுத்துட்டனுங்க” என்று கைகூப்புவார். பிறகு அவளிடம் திரும்புவார். அதை அவள் அறிவாள். திரும்பும்போது அவர் உதடு எப்படிக் கோணும் என்பதுவரை அறிவாள்.

“நாங்க ரெண்டே பேருதானுங்க” என்றாள் சாந்தாமணி. “ரெண்டு பேரும் இருக்கறமுங்க.”

குடம் நிரம்பி வழிந்தது.

அன்று முழுவதும் அவர்கள் தெற்கு நோக்கிப் போனார்கள். அவர் மெதுவாக ஓட்டினார். நிழல் கண்ட இடத்திலெல்லாம், “நிறுத்தட்டுமுங்களா?” என்று கேட்டார். உங்களுக்கு வெயில் அடிக்குதுங்களா, கண்ணாடிய ஏத்தட்டுமுங்களா, பாட்டு வெக்கட்டுமுங்களா. அவள் ஒவ்வொன்றுக்கும் விடை சொன்னாள். விடை சொல்வது அவளுக்குப் பழக்கமில்லாத வேலையாக இருந்தது, பிற்பகலுக்குள் பழகியும் போயிற்று. ஒருவரைப் பலராக்கிப் பேசுவதே மரியாதை என்று அவள் வகுப்பில் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். மாணவிகளுக்கு அது எளிதில் பிடிபடும். இப்போது, பக்கத்து இருக்கையில் அமர்ந்து, இன்னும் காயாத வேட்டியின் மடிப்புகளை, ஸ்டியரிங் சக்கரத்தின்மேல் வைத்த வெளிறி ஊறிய விரல்களைப் பார்க்கும்போது, அவரை மனத்துக்குள் ‘அவர்’ என்பதா ‘அது’ என்பதா என்று அவளால் முடிவு செய்ய இயலவில்லை. வாய் ‘அவர்’ என்றே சொல்லிற்று.

சாலை கடலை நெருங்கிய இடங்களிலெல்லாம் அவள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள். ஏற்றிய பிறகும் அந்த ‘ஏய்’ கேட்டது. பனைமரங்களுக்கு இடையில் கடல் ஒரு வெள்ளிக்கீற்றாகத் தெரியும்போது மட்டும். மரங்கள் மறைத்தால் நிற்கும். மறுபடி கடல் தெரியும். மறுபடி அது. வண்டியின் வேகத்துக்கு ஈடுகொடுத்து எந்த மனிதனும் நீரில் நடக்க முடியாது என்று அவள் தனக்குச் சொல்லிக்கொண்டாள். மனிதன் என்ற சொல்லில் தடுக்கி அங்கேயே நின்றாள்.

இராமநாதபுரத்தில் சாலை பிரிந்தது. வலப்பக்கம் மதுரை என்று பலகை காட்டியது. அது வழியே திண்டுக்கல், பல்லடம், கோயம்புத்தூர். இடப்பக்கம் மண்டபம்.

அவர் வண்டியை ஓரங்கட்டினார். முதன்முறையாக அவர் குரலில் ஓர் அவசரம் இருந்தது.

“ஊட்டுக்குப் போலாமுங்களா?”

அவள் கற்பனை செய்து பார்த்தாள். பீளமேட்டு வீட்டின் கூடத்தில், தொலைக்காட்சிக்கு எதிரே இருக்கும் நாற்காலியில், இது. காலையில் நாளிதழ் விரித்துக்கொண்டு, இது. பேரப்பிள்ளைகள் மடியில். “காப்பி குடிக்கறீங்களா?” என்று அவளைக் கேட்டுக்கொண்டு, இன்னும் இருபது ஆண்டுகள், சொட்டச் சொட்ட. தெருவே பாராட்டும். அவளுக்கும் பிடித்திருக்கும். அதுதான் அவளை நடுங்க வைத்தது. அந்த நாற்காலியில் இது ஒருமுறை உட்கார்ந்துவிட்டால், அவள் காலையில் சொன்ன பொய் நிலைத்துவிடும். பிறகு யாரும் எந்தப் படகையும் அனுப்ப மாட்டார்கள்.

“இடது பக்கம் போங்க” என்றாள்.

“உங்க இஷ்டமுங்க” என்றார் அவர். வண்டி திரும்பியது. ஆனால் அடுத்த அரைமணி நேரம் அவர் எதுவும் கேட்கவில்லை. அவள் இமைத்தபோது இமைக்கவும் இல்லை.

மண்டபத்துக்கு முன்னால் ஓரிடத்தில் ஐந்தரை மணிக்கு நின்றார்கள். மேகம் மூடியிருந்ததால் அந்தி விரைவாக இறங்கியது. இங்கும் அதே கருவேல முட்கள், அதே கடல், அதே அசைவின்மை. நீரும் வானும் சேரும் இடம் தெரியவில்லை. கரையில் ஆளில்லை, படகில்லை, ஒரு காக்கைகூட இல்லை. அவள் பின்கதவின் படியில் அமர்ந்தாள். அவர் உள்ளே, அவளுக்குப் பின்னால், குடத்தைச் சாய்த்துக் குடித்துக்கொண்டிருந்தார்.

அரைமணி நேரம் கடலிலிருந்து ஒன்றும் கேட்கவில்லை. ஓய்ந்துவிட்டது என்று அவள் நினைத்தாள். ஓய்ந்துவிட்டது என்றால் என்ன பொருள் என்றும் நினைத்தாள். முழங்கால்களைக் கட்டிக்கொண்டாள்.

அப்போது வந்தது. அருகில். மிக அருகில், ஒரு கல்லெறி தூரத்தில்.

“சாந்தாமணி.”

அவள் எழுந்து நின்றுவிட்டாள். திருமண அழைப்பிதழில் அச்சடித்த பெயர். வருகைப் பதிவேட்டில், ஓய்வூதியப் புத்தகத்தில், பிறர் எழுதிய பெயர். அவர் வாயால் அதை அவள் கேட்டதே இல்லை. கேட்டதில்லை என்பதையே இப்போதுதான் அறிந்தாள்.

“சாந்தாமணி… கையக் குடுங்க. நிக்க முடியலீங்க.”

தொண்டை கிழிந்த குரல். ஒரு நாள் முழுவதும் கத்திய குரல். அந்தக் கரகரப்புக்கு அடியில், அவள் ஒருபோதும் கேட்டறியாத ஒன்று: கெஞ்சல்.

“யாரோ கூப்படறாங்க போலிருக்குதுங்க” என்றது அவளுக்குப் பின்னால் இருந்த குரல். “போயிப் பாத்துட்டு வாங்க. நான் இங்கயே இருக்கறனுங்க.”

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. செருப்பைக் கழற்றினாள். சேலையை முழங்காலுக்கு மேல் செருகிக்கொண்டாள். ரெண்டு பேரும் இருக்கறமுங்க என்று காலையில் சொன்ன வாய் உப்புக் கரித்தது. ஒரு பகலும் ஓர் இரவும் ஒரு மனிதரை நீரில் நிற்க வைத்து, மரியாதை கற்றுக்கொடுத்திருக்கிறாள். அவ்வளவு நேரமா தேவைப்பட்டது அவருக்கு? அவ்வளவு நேரமா தேவைப்பட்டது அவளுக்கு?

“வாரனுங்க!” என்று கத்தினாள். “அங்கயே நில்லுங்க, நான் வாரேன்!”

நீர் வெதுவெதுப்பாக இருந்தது. அடியில் சேறு மென்மையாக, குழைந்த மாவுபோல், ஒவ்வோர் அடியையும் வாங்கி வைத்துக்கொண்டு மெல்லத் திருப்பிக் கொடுத்தது. பாசியின் நீண்ட இழைகள் கணுக்காலைச் சுற்றி வழுக்கிப் போயின. அவள் கைகளை இருபுறமும் விரித்து, குரல் வந்த திசையில், சாம்பல்நிற நீரையும் சாம்பல்நிற வானையும் தவிர வேறெதுவும் தெரியாத அந்த வெறுமைக்குள் நடந்தாள். முழங்கால். தொடை. “கையக் குடுங்க.” இன்னும் சற்றுத் தள்ளி. இடுப்பு. “எங்க இருக்கறீங்க? தெரியலியே!” “இங்கதானுங்க.” இன்னும் சற்றுத் தள்ளி. மார்பு. சேலை நீரில் உப்பி மேலெழுந்தது. அவள் அதை அழுத்திக்கொண்டாள். ஓர் அடி. இன்னும் ஓர் அடி. தோள். கழுத்து.

குரல் நின்றது.

அவள் கையை முன்னால் நீட்டித் துழாவினாள். நீர். எல்லாப் பக்கமும் நீர்.

“ஏனுங்க?”

ஒன்றும் இல்லை.

அவள் திரும்பினாள். கரை நம்ப முடியாத தொலைவில் இருந்தது. கேரவனின் பின்கதவில் விளக்கு எரிந்தது. அந்த வெளிச்சத்தில் அவர் நின்றுகொண்டிருந்தார்.

அவருக்கு எதிரே ஒரு பெண்.

கருவேல முட்களின் பக்கத்திலிருந்து வந்திருக்க வேண்டும். சாந்தாமணி உடுத்தியிருந்த அதே பழுப்புப் பருத்திச் சேலை. அதே நரைத்த கொண்டை. முந்தானையிலிருந்து நீர் சொட்டியது. அது விளக்கொளியில் ஒவ்வொரு துளியாக மின்னியது. அவள் இரு கைகளாலும் குடத்தைப் பிடித்து, அண்ணாந்து, குடித்துக்கொண்டிருந்தாள்.

அலையில்லாத நீரின்மேல் சொற்கள் வழுக்கிக்கொண்டு வந்தன. தெளிவாக. பக்கத்தில் நின்று பேசுவதுபோல்.

“ஊட்டுக்குப் போலாமுங்களா?”

“போலாமுங்க. புள்ள பாத்துட்டு இருப்பா.”

இரண்டாவது குரல் அவளுடையது.

அவர் முன்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். அந்தப் பெண் ஏறி அமர்ந்தாள். அவர் அவள் முந்தானை கதவில் சிக்காமல் குனிந்து எடுத்து உள்ளே விட்டார். சுற்றிவந்து தாம் ஏறினார். முகப்பு விளக்குகள் எரிந்தன. வண்டி வட்டமடித்தபோது அவை ஒரு கணம் கடற்பரப்பைத் துழாவி, அவள்மேல் நின்று, விலகின. பிறகு வண்டி மெல்ல மேட்டில் ஏறி, சாலையைத் தொட்டது. மேற்கே. வீட்டுப் பக்கம்.

கத்த வேண்டும். வாயைத் திறந்தாள். நீர் உதடுவரை இருந்தது. காலுக்கு அடியில் சேறு இருந்ததா என்று தெரியவில்லை. சிவப்பு விளக்குகள் இரண்டும் பனைகளுக்கு இடையே தெரிந்தன. மறைந்தன. தெரிந்தன.

நீருக்கடியில் ஒரு கை அவள் மணிக்கட்டைப் பற்றியது. ஊறி, குளிர்ந்து, கெட்டியாக. எந்த விரலில் எந்த மோதிரம் என்று அவளுக்குத் தெரியும்.

பின்கழுத்தில் மூச்சு இல்லாமல், குரல் மட்டும்.

“ஏய். எத்தன நேரமாக் கூப்படறது?”